மூடியது யார்?

"மிச்ச பெயிண்ட்டைத் தண்ணியா எடுக்க மாட்டேன். காயவெச்சுக் குடுங்க" என்று குப்பை வண்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து மாடிப்படியோரம் வைத்தார். மறுநாள் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. திறந்தார்; மறுபடியும் மூடியிருந்தது. நான்காம் நாள் கோபம் தலைக்கேற, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எவ்வளவு கொழுப்பிருந்தா என் டப்பாவை மூடுவே?"

"வாயை அளந்து பேசுய்யா! உன் ஓட்டை டப்பாவை எவ தொடுவா?" என்று எதிர்வீட்டுக்காரி எகிறினாள்.

"அவங்களை விடுங்க. மூடினது நான்தான்" என்றாள் பின்னால் வந்த மனைவி.

"காயணும்னு சொன்னேன்ல? அறிவிருக்கா?"

"காஞ்சுட்டா, அடுத்த தடவை நீங்க சாப்பாட்டுத் தட்டை விட்டெறிஞ்சதும் செவுத்துக் கறையை நான் எதை வெச்சு மறைக்கிறது?"