தனியாக ஒரு படம்

மூன்று வெள்ளை ரோஜாக்களைக் குதிரைவீரன் சிலையின் பீடத்தில் வைத்துவிட்டு ஸ்லாதா நிமிர்ந்தாள். யரேமா சிரிக்க ஆரம்பித்தான்.

“லூசு, மூணு வெச்சிருக்க பாரு. ஒத்தப்படை உசுரோட இருக்கறவங்களுக்கு. செத்தவருக்கு ரெட்டைப்படைலதான் வெக்கணும். மனுஷன் எந்திரிச்சு உக்காந்துக்கப் போறாரு.”

“எந்திரிக்கட்டும். நாளைக்கு உனக்குப் பதிலா சண்டைக்கு அவரை அனுப்பிடறேன்.”

நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குக் கல்யாணமாகி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவனுக்குப் போர்முனையிலிருந்து பத்து நாள் விடுப்பு. இன்று ஒன்பதாவது நாள். நாளைக் காலை ஆறு மணிக்குப் பேருந்து.

திருமணப் பதிவு அலுவலகத்திலிருந்து புதுமணத் தம்பதிகள் நேரே இந்தச் சதுக்கத்துக்குத்தான் வருவார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். அந்தக் காலத்துக் கோசாக் குதிரைப்படைத் தளபதிகள் நால்வரின் சிலைகளுக்குக் கீழே பூ வைப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், சாப்பிடப் போவார்கள். முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் வரிசை நிற்கும். நான் அதட்டி வரிசையை ஒழுங்கு செய்வேன்.

இன்று இவர்கள் இருவர்தான். குண்டுவீச்சில் உடையாமலிருக்க மூன்று தளபதிகளை மார்பு வரை மணல் மூட்டைகளால் மூடியிருந்தார்கள். நான்காமவரிடம் வருவதற்குள் மூட்டைகள் தீர்ந்துவிட்டன. அவர் மட்டும் குதிரையோடு திறந்த வெளியில் நின்றார். படத்துக்கு அவர்தான் வசதி.

பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அவன் அவளைத் தூக்கினான். அவள் அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டாள். எல்லாம் வழக்கமானவை.

பிறகு அவன் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “அண்ணே, இன்னும் ஒண்ணு. நான் மட்டும் தனியா.”

எதற்கு என்று எனக்குத் தெரியும்.

சதுக்கத்தின் மறுகோடியில் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. போரில் இறந்துபோன எங்கள் ஊர்ப் பையன்களின் முகங்கள். அந்தப் படங்களைத் தயாரித்துக் கொடுப்பது நான்தான். வீட்டாரிடம் நல்ல படம் கேட்டால் கல்யாணப் படத்தைத்தான் கொண்டுவருவார்கள். இந்த வயதுப் பையன்கள் அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தலைவாரி நிற்கிறார்கள். மனைவியை வெட்டியெடுத்துவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்குவேன். எவ்வளவு பார்த்து வெட்டினாலும் ஏதாவது மிஞ்சும். ஒருவன் காதோரத்தில் மணப்பெண்ணின் வெள்ளை வலைத்துணி. யரேமாவோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவனின் தோளில் நான்கு விரல்கள், நகச்சாயத்தோடு.

“அவன் தோள்ல அந்த விரலைப் பாத்தேன்ணே,” என்றான் யரேமா. “இவளை அப்படி வெட்டிப்போடாதீங்க. இப்பவே தனியா எடுத்து வெச்சிருங்க.”

அவன் போய் பீடத்தருகில் விறைப்பாக நின்றான். முகத்திலிருந்த சிரிப்பைத் துடைத்துவிட்டிருந்தான்.

அவன் என்ன சொன்னான் என்பது ஸ்லாதாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். சற்று நேரம் அந்தப் பலகைகளைப் பார்த்தாள். கையிலிருந்த பூங்கொத்தைத் தரையில் போட்டாள். நீளமான பாவாடையை இரண்டு கைகளாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று அவனிடம் போனாள்.

அவன் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு இழுத்தாள். தன் கன்னத்தை அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். அவன் தொப்பி கழன்று விழுந்தது.

“இப்ப எடுங்க,” என்றாள் என்னிடம். “வெட்டறவன் வெட்டிப் பாக்கட்டும்.”

“ஏய், வலிக்குதுடி.”

“வலிக்கட்டும்.”

கேமரா வழியே பார்த்தேன். இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இல்லை. எடுத்தேன். தனிப்படத்துக்கு அவள் விடவே இல்லை.

நவம்பரில் பலகைக்காக அதை வெட்டினேன்.

என்னிடம் வேறு பன்னிரண்டு படங்கள் இருந்தன. சொன்னேன். ஸ்லாதா கேட்பதாயில்லை, கன்னம் ஒட்டிய இந்தப் படத்தையே மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மதியத்திலிருந்து இருட்டும் வரை ஆயிற்று. அவள் முடியை எடுத்தேன். மூக்கை எடுத்தேன். கழுத்தைச் சுற்றிய கையை எடுத்துவிட்டு அங்கே சட்டைக் காலரை வரைந்தேன். ஒரு விரல்கூட மிஞ்சவில்லை. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

அவள் அழுத்தியதில் அவனுடைய இடது கன்னம் மேலேறி, கண் பாதி மூடியிருக்கிறது. அதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பலகையைப் பார்ப்பவர்கள் அவனுக்குப் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.