அதிகாரி தலையசைத்தார்

காணொலிக் கூட்டம் தொடங்கி, திரையில் கல்வி அதிகாரியின் முகம் தெரிந்ததும் தலைமை ஆசிரியர் தங்கச்சன் மாஷ் எழுந்து நின்று கும்பிட்டார். அதிகாரி மெல்லத் தலையசைத்துவிட்டுத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி ஜன்னலை நோக்கி ஓடியது.

"சார் பேசமாட்டார். ஏகப்பட்ட பள்ளிக்கூடம் சேர்ந்திருக்குல்ல, மைக்கை அணைச்சு வச்சிருக்கார். ஆனா எல்லாத்தையும் பார்த்துட்டேதான் இருப்பார்" என்று மாஷ் பிள்ளைகளிடம் கிசுகிசுத்தார்.

நான்காம் வகுப்பு லீனா டீச்சர் சுவரோரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நேற்று சாயங்காலத்திலிருந்தே அவளுக்கு மாஷ்மேல் கோபம்.

கேரளத்தின் குட்டநாட்டில் தண்ணீருக்கு நடுவே இருக்கும் அந்தத் தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகள் வள்ளத்தில்தான் வருவார்கள். கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்க, வள்ளம் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். முதல் பாடம் முடிகிற நேரத்துக்குச் சேறும் சகதியுமாக வந்து நிற்பார்கள்.

வகுப்புச் செயல்திட்டத்துக்கு என்ன படம் எடுக்கலாம் என்று லீனா கேட்டபோது அதையே எடுக்கலாம் என்றார்கள். காகிதத்தில் வள்ளம், களிமண்ணில் பிள்ளைகள், பச்சைத் துணியில் ஆகாயத்தாமரை. ஒவ்வொன்றையும் ஒரு நெல்மணி அளவு நகர்த்தி நகர்த்தி, டீச்சரின் போனில் போட்டோ போட்டோவாக எடுத்தார்கள். அத்தனையையும் லேப்டாப்பில் கோத்து, வெட்டி, ஒட்டி ஓடவைத்தது ஆர்ச்சா. வகுப்பிலேயே குள்ளமான பெண். கண் மட்டும் கழுகுக்கண்.

நல்ல படத்தை அதிகாரியே நேரலையில் பார்த்து மாவட்ட விழாவுக்குத் தேர்ந்தெடுப்பார் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பிள்ளைகளுக்கு விழா பெரிதில்லை. பெரிய அதிகாரி ஒருமுறை பார்த்துவிட்டால் கால்வாய் சுத்தமாகிவிடும் என்று நம்பினார்கள்.

நேற்று மாஷ் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்.

"குப்பையைக் காட்டவா அரசாங்கம் நமக்குப் புரொஜெக்டர் குடுத்துச்சு? கால்வாயைச் சுத்தம் பண்ணவேண்டிய பஞ்சாயத்து மெம்பர்தான் மழைக்கு முன்னாடி கூரை மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கார். அவர் மானத்தை வாங்கச் சொல்றீங்களா டீச்சரே?"

அதற்குப் பதிலாக ஆலப்புழை ஸ்டுடியோ ஒன்றில் சூரியக் குடும்பத்தைப் பற்றி ஒரு படம் தயார் செய்து வாங்கி வந்திருந்தார். இப்போது திரையில் அதுதான் ஓடியது. அதிகாரி ஒரு மூலையில் சின்னக் கட்டமாகச் சுருங்கியிருந்தார். கோள்கள் பளபளவென்று சுழன்றன. யாரோ ஒருத்தி குழந்தைக் குரலில் கொஞ்சிக் கொஞ்சி விளக்கம் சொன்னாள். கடைசியில், உருவாக்கியவர்கள் என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வந்தன.

மாஷ் ஆர்ச்சாவின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "சொல்லு மோளே. நாங்களே செஞ்சோம் சார்னு சொல்லு."

ஆர்ச்சா திரையின் மூலையையே வெறித்துப் பார்த்தபடி நின்றாள். மாஷ் அவள் காதருகில் குனிந்து, சொல்லாவிட்டால் நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும் என்றார்.

லீனாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கவா வாத்தியார் வேலை? விறுவிறுவென்று போய் மாஷின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"சார், இது எங்க பிள்ளைங்க செஞ்சது இல்ல. கடையில வாங்கினது. அவங்க செஞ்ச படம் எங்கிட்ட இருக்கு. என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுத்துக்குங்க, அதை மட்டும் ஒரு தடவை பாருங்க."

மாஷின் முகம் வெளிறிப்போனது.

அதிகாரி மெல்லத் தலையசைத்துவிட்டுத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். பல்லி ஜன்னலை நோக்கி ஓடியது.

"பார்த்தீங்களா, சரின்னுட்டார்" என்றாள் லீனா. உடனே பிள்ளைகளின் படத்தை ஓடவிட்டாள்.

காகித வள்ளம் பச்சைத் துணிக்குள் தத்தித் தத்திப் போய் மாட்டிக்கொண்டது. களிமண் பிள்ளைகள் எட்டிக் குதித்தார்கள். ஒருத்தியின் புத்தகப்பை தண்ணீரோடு போனது. கடைசியில் எல்லாரும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள்: 'எங்களைப் பார்க்க யாராவது இருக்கீங்களா?'

அதிகாரி மறுபடியும் தலையசைத்தார். வகுப்பே கைதட்டி அதிர்ந்தது. இத்தனை நேரம் வியர்த்து வழிந்த தங்கச்சன் மாஷ் சட்டென்று கேமரா முன்னால் வந்து, இந்தக் கால்வாய் யோசனை தன்னுடையதுதான் என்று இளித்தார். மெம்பரையும் கூரையையும் அந்த நிமிஷமே மறந்துவிட்டார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது லீனாவுக்கு. ஆனாலும் ஜெயித்தாகிவிட்டது, பார்க்கவேண்டியவர் பார்த்துவிட்டார்.

ஆர்ச்சா மட்டும் கைதட்டவில்லை. இன்னும் அந்த மூலையில் இருந்த சின்னக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். லீனா அவள் தோளைத் தொட்டாள்.

"உன் படத்தைப் பார்க்காம அங்க என்ன பார்க்கிற மோளே? சாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஆர்ச்சா திரும்பினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, கோபத்தில்.

"பல்லி ஜன்னல்கிட்டப் போனதும் பழைய இடத்துக்கே வந்துடுது. அந்த சாரும் முன்னாடியே எடுத்து வச்ச வீடியோதான் டீச்சர்."