மாட்டைக் கண்டால் பிரேக்

"மறுபடியும் மாடா?"

டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் கார் ஓரம் கட்டி நின்றுவிட்டது.

"நெத்தியில வெள்ளைப் பொட்டைப் பாரேன்! காதை ஆட்டிக்கிட்டு நம்மளையே பார்க்குது!" என்று போனும் கையுமாக இறங்கினார் அவள் வீட்டுக்காரர்.

"அது நம்மளைப் பார்க்கலை, புல்லைப் பார்க்குது. இது மூணாவது மாடு. மணி ஒன்பதே கால். பதினோரு மணிக்கு சிட்டு ஓடணும். இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கு!"

சிட்டு அவர்களுடைய மகள். எண்ணூறு மீட்டர் இறுதிப் போட்டி. பள்ளிக்கூடத்து அணியோடு நேற்றே போய்விட்டாள். "நான் ஓடறதுக்கு முன்னாடி கேலரியைப் பார்ப்பேன். நீங்க மூணு பேரும் இருக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுகிறவள். ஒரு பீரியடு ஐந்து நிமிஷம் தள்ளிப்போனாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

வீட்டுக்காரருக்கு மாடென்றால் உயிர் என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்த சங்கதிதான். அருவி பார்க்கப் போன இடத்தில் அருவியை விட்டுவிட்டுக் கன்றுக்குட்டியோடு படம் எடுத்துக்கொண்ட ஆசாமி. ரயிலில் போனால் ஜன்னல் வழியே மாட்டுக்கு டாட்டா காட்டுவார். சிரித்துவிட்டுப் போகலாம். அதுக்காக இன்றைக்கா?

பின்சீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவளுடைய அப்பாவும் இறங்கினார்.

"நானும் கொஞ்சம் காலை நீட்டிட்டு வரேம்மா."

"அவருக்கு நீங்க வேற ஒத்து ஊதாதீங்கப்பா!"

அப்பா காதில் வாங்காமல் நடந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷர். தனக்கென்று யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காதவர்.

கார் கிளம்பியது. ஆக்ஸிலேட்டர் தன் காலடியில் இருப்பதுபோல் டீச்சர் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வண்டி மறுபடியும் நின்றது.

"ஏங்க, அது எருமைங்க!"

"எருமைன்னா மட்டமா? அதுவும் பால்தானே குடுக்குது? அந்தக் கொம்பு வளைவைப் பாரு. இந்தப் பக்கம் பாருன்னா!"

அவள் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பின்பக்கக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. கடைசிப் பெஞ்சுப் பையன் வெளியே போனால் மற்றவனும் கூடவே போவானே, அந்தக் கதைதான்.

அடுத்த தடவை நின்றபோது சுற்றுவட்டாரத்தில் மாட்டின் வாசனைகூட இல்லை.

"இங்க மாடே இல்லையே! எதுக்கு நிறுத்தினீங்க?"

"மேல பாரு."

ஒரு பால் கடை. போர்டில், பச்சைப் புல்வெளியில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது ஒரு படத்து மாடு.

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. 'ஓட்டம் சோறு போடுமா?'ன்னு அன்னைக்குக் கேட்டவர்தானே நீங்க? அவ ஓடறதை யாரும் பார்க்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். மாட்டுமேல இருக்கிற பாசம் பெத்த பொண்ணுமேல இல்ல!"

அவர் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடையின் பின்பக்கத்திலிருந்து அப்பா வருவதைப் பார்த்ததும் அப்படியே மூடிக்கொண்டார்.

"ஏறுங்க மாமா" என்றார்.

"மாப்பிள்ளையைத் திட்டாதம்மா" என்றார் அப்பா, சீட்டில் உட்கார்ந்தபடி.

"நீங்க சும்மா இருங்கப்பா. நீங்க குடுக்கிற இடம்தான் இவ்வளவுக்கும் காரணம்."

கார் மறுபடியும் கிளம்பியது. வழியில் இரண்டு சிக்னல். இரண்டும் சிவப்பு. டீச்சருக்கு உலகமே சதி செய்வதுபோல் இருந்தது.

பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது மைதானத்துக்குள் நுழைந்தார்கள். மூச்சிரைக்கக் கேலரிப் படியேறினார்கள். கோட்டில் நின்ற சிட்டு திரும்பினாள். அம்மா, அப்பா, தாத்தா. மூன்று தலையையும் எண்ணிவிட்டுச் சிரித்தாள்.

மூன்றாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளுக்குக்கூட அப்படி ஒரு கத்தல் கிடைத்திருக்காது. "என் பேத்தி! அது என் பேத்தி!" என்று தாத்தா பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் உலுக்கிச் சொன்னார். தொண்டை கட்டிப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதோ வந்துடறேன்" என்று கீழே இறங்கிப் போனார்.

டீச்சர் கை நீட்டினாள்.

"போனைக் குடுங்க. அவ ஓடினதையாவது எடுத்தீங்களா, இல்ல அங்கேயும் மாடு குறுக்கே வந்துடுச்சா?"

ஓட்டம் முழுசாக இருந்தது. விரலால் தள்ளினாள். அதற்கு முந்தைய படம், நேற்று சிட்டு பஸ் ஏறியபோது எடுத்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. மறுபடியும் தள்ளிப் பார்த்தாள்.

"வழி பூரா நிறுத்தி நிறுத்தி எடுத்தீங்களே, ஒரு மாட்டைக்கூடக் காணோம்?"

அவர் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கப்பாவுக்குப் புது மாத்திரை ஆரம்பிச்சதிலேர்ந்து அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போகணும். பெத்த பொண்ணுகிட்ட அதைச் சொல்லக் கூச்சம். 'நாளைக்கு வழியில எங்கேயும் நிறுத்தக் கூடாது'ன்னு நேத்து நீ சொன்னதைக் கேட்டுட்டு, 'நான் வரலை மாப்பிள்ளை, பேத்தி ஓடறதைப் போன்ல காட்டுங்க, போதும்'னார்."

டீச்சர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான், 'கவலைப்படாம வாங்க மாமா, வழியெல்லாம் மாடு இருக்கு'ன்னேன்."