காட்டோடு கலந்த கட்டடம்

காட்டுக் குடியிருப்பில் கட்டப்போகும் பொதுக்கூடத்துக்கான வரைபடத்தை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார், நகரத்துக் கட்டட வடிவமைப்பாளர்.

“மண் சுவர், புல் கூரை. தூரத்துல நின்னு பார்த்தா காடு எது, கட்டடம் எதுன்னே தெரியாது.”

“மழைக்கு ஒழுகாதா?” என்றாள் முன்வரிசையில் இருந்த பெண்.

“இயற்கையோட வாழ்ந்தா நாலு சொட்டு விழத்தாம்மா செய்யும்.”

“கரையான் வந்தா?”

“அதுவும் இயற்கைதாம்மா. காட்டை ரசிக்கத் தெரியணும்.”

அவள் எழுந்தாள். “ஒழுகுற வீட்டுல படிக்க மாட்டேன்னு பத்து வயசுல அழுது அடம்பிடிச்சு விடுதிக்கு ஓடினவன் நீ. பெத்தவளுக்கே காட்டைப் பத்திப் பாடம் எடுக்கிறியாடா?”

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும், புல் கூரையா ஓட்டுக் கூரையா என்று ஊர்த் தலைவர் வாக்கெடுப்பு நடத்தினார். ஓட்டுக் கூரைக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. தாய் முறைத்ததும் வடிவமைப்பாளரின் கையும் உயர்ந்தது.