சாவிக்காரரின் அடுத்த வாரம்

"முதல்ல சாவிக்காரன் போட்டுக்கட்டும். அப்புறம் நான் கையை நீட்டறேன்."

வரிசையில் முதலாவதாக நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் சொன்னதும், பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

சாவிக்காரர் அங்கே இரண்டு ஊன்றுகோல்களில் சாய்ந்து நின்றிருந்தார். ஒரு கால் முழங்காலோடு முடிந்துபோனவர். குடியிருப்பின் நுழைவாயிலில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

நர்ஸுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. வாரத்துக்கு ஒரு கட்டடமாகக் காய்ச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. வயதானவர்களும் நடமாட முடியாதவர்களும்தான் முக்கியம் என்று அவள் படியேறிப் போய்த் தட்டியபோது, "வீட்ல யாரும் இல்லை" என்று உள்ளே இருந்தபடியே பதில் சொன்னவர்கள் உண்டு. சாவிக்காரர் வந்து குரல் கொடுத்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. இன்றைக்கு இந்தச் சங்க அறை நிறைந்திருக்கிறதென்றால் அது அவரால்தான்.

ஆனால் அவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முகாமிலும் ஒரு சாக்கு. ஒரு தடவை இருமல், ஒரு தடவை இன்னும் சாப்பிடவில்லை. கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடியும். "அடுத்த வாரம், சிஸ்டர்."

"உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்," என்றார் வாத்தியார். "காலை எடுத்தப்பகூட அழாதவன், இத்துனூண்டு ஊசிக்குப் பயப்படறான். இல்லே, நமக்குத் தெரியாத சங்கதி ஏதாவது அவனுக்குத் தெரியுமோ என்னவோ."

முதல் பாதிக்குச் சிரித்தவர்கள் இரண்டாவது பாதிக்குச் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டாள். சக்கர நாற்காலியில் இருந்தவர் மருமகளிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

இன்னும் கொஞ்சம் விட்டால் அறை காலியாகிவிடும். நர்ஸ் சாவிக்காரரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்கார வைத்தாள்.

"நிஜத்தைச் சொல்லுங்கண்ணே. பயமா?"

"பயந்தான்."

"ஊசிக்கா?"

"அதுக்கப்புறம் வர்ற வலிக்கு."

போன வருஷம் போட்டுக்கொண்டாராம். மறுநாள் தோள் கனத்துப்போய் ஊன்றுகோலை அழுத்த முடியவில்லை. குளியலறையில் விழுந்தவர், யாரோ தேடி வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். மற்றவர்களுக்கு இரண்டு நாள் கை வலி என்றால் ஒரு பேச்சோடு போய்விடும்.

"எனக்குக் கைதானே சிஸ்டர், கால்."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. கை கொஞ்சம் வலிக்கும் என்று எல்லோரிடமும்தான் சொல்கிறாள். அந்தக் கையை நம்பி என்னென்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை.

"சரி, இன்னிக்குப் போட்டுட்டு ரெண்டு நாள் கடையை மூடிட்டுப் படுத்துக்குங்க. நான் வந்து எட்டிப் பார்க்கறேன்."

"இந்த ரெண்டு நாள் ஆகாது. முகாமெல்லாம் முடியட்டும். அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் படுத்துக்கறேன்."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விழுந்துவிடுவோம் என்றுதானே பயம்? முகாமுக்கு முன்னால் விழுந்தால் என்ன, பின்னால் விழுந்தால் என்ன?

சாவிக்காரர் பாக்கெட்டிலிருந்து பெரிய சாவிக்கொத்து ஒன்றை எடுத்தார். தொழிலுக்கானது என்று அவள் நினைத்தாள்.

"எல்லாம் தனியா இருக்கிறவங்க வீட்டுச் சாவி. தொலைஞ்சா இருக்கட்டும்னு என்கிட்ட ஒண்ணு குடுத்து வெச்சிருக்காங்க. இன்னிக்கு ஊசி போட்டுக்கிறவங்க கதவை நாளைக்கும் நாளன்னிக்கும் போய்த் தட்டணும். குரல் வரலைன்னா திறந்து பார்க்கணும். நானும் படுத்துட்டா மாடி ஏறறது யாரு?"

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நின்றாள். வெளியே வாத்தியார் ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

"கைக்குழந்தைங்களுக்குத் தொடையிலதான் போடறோம்," என்றாள் கடைசியில். "உங்களுக்கும் போடலாம். அந்தக் குறைக்கால்ல."

அவர் தன் காலைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இது சும்மாதானே இருக்கு. வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்," என்று மடித்துக் குத்தியிருந்த கால்சட்டை நுனியை அவிழ்த்தார்.

போட்டு முடித்ததும், இதை வாத்தியாரிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள்.

"வேணாம் சிஸ்டர்." சாவிக்கொத்து அவசரமாகப் பாக்கெட்டுக்குள் போனது. "தன்னை ஒருத்தன் வந்து பார்த்துக்கறான்னு தெரிஞ்சா, அவர் சாவியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவார். நான் பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போறேன்."

திரையை விலக்கிக்கொண்டு சாவிக்காரர் வெளியே போனார். போட்டாயிற்று என்று எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வாசலோரம் போய் நின்றுகொண்டார். வண்டியைத் திருப்பியவர் மறுபடி வரிசைக்குத் திருப்பச் சொன்னார்.

"பாத்தியாம்மா, நான் ஒரு அதட்டல் போட்டதும் வழிக்கு வந்துட்டான்." வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

நர்ஸ் பஞ்சை எடுத்தாள். இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "வீட்ல துணைக்கு யார் சார் இருக்கா?"

"துணையா?" வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா துணை?"

வாசலோரம் சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கி அடங்கியது.