தாய்மாமனுக்கு ஓர் உதாரண வாக்கியம்

மறுபடியும் அதே அகராதி அட்டை.

பத்தொன்பது நாளாக அதை எடுப்பதும் பெட்டிக்குள் போடுவதுமாக இருந்தார். அட்டைக்கே அலுத்துப்போயிருக்கும்.

இலத்தீன், சுவீடிஷ், தமிழ். மிஷன் கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் தூசி தட்டியபடியே படித்த மொழிகள். மூன்றையும் ஒரே அகராதியில் கட்டிப்போடுவதாக, ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக அறிவித்திருந்தார். உலகத்தில் அதற்காகக் காத்திருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவுங்குலுஸ். இலத்தீன். ஆண்பால். தாயின் உடன்பிறந்தவன். பிரித்துப் பார்த்தால், சின்னத் தாத்தா.

மூர்ப்ரூர். சுவீடிஷ். தாய், சகோதரன், இரண்டு சொல்லையும் ஒட்டிவிட்டார்கள். வேலை மிச்சம்.

தமிழில் யோசிக்கவே வேண்டாம். தாய்மாமன்.

உதாரண வாக்கியம்தான் வருவேனா என்றது.

பத்தொன்பது நாளுக்கு முன்புதான் பூங்கோதை காதுகுத்துப் பத்திரிகை அனுப்பினாள். அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த பெண்குழந்தைக்குக் காதுகுத்து.

அனுப்பியது வாட்ஸாப்பில்.

தட்டு இல்லை. வெற்றிலை பாக்கு இல்லை. நேரில் வந்து ஒரு வார்த்தை இல்லை. கீரைக்காரிக்கும் அதே படம்தான் போயிருக்கும்.

தாய்மாமனுக்கு!

செத்தாலும் போவதில்லை என்று சபதம் செய்தார். எழுந்து அடுப்படிவரை நடக்கவே தெம்பில்லாத நேரத்தில் செய்த சபதம்.

காதுகுத்து அன்று காலை பத்து மணி. கைபேசி அடித்தது.

"அண்ணே, கோயில்ல ஆசாரி ஊசியோட உட்கார்ந்திருக்காரு. நான் செஞ்சது தப்புதான். நாளைக்குப் பத்துத் தட்டா கொண்டாந்து அடுக்குறேன். இப்ப பிள்ளைய யாரு மடியில வைக்கட்டும், பந்தல்காரர் மடியிலயா?"

"வேலை கிடக்கு" என்றார்.

அவள் கைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

நாயனத்துக்கு நடுவே குழந்தை ஒரு தடவை சிரித்தது.

பேனாவை எடுத்தார்.

'தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள்.'

மை காய்கிறவரை பொறுக்கவில்லை. எழுந்தார். மூட்டு இரண்டும் போட்ட கூச்சல் கோயில்வரை கேட்டிருக்கும்.

வேட்டி மாற்றுகிற வேலை இருக்கவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்கே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அகராதி எழுத உட்கார்ந்திருந்தார்.