கையில் வைத்த தேயிலை

“இது வேண்டாம். பாரு, வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு” என்று யுன்ஃபெங் ஒரு தேயிலை மணியை நகத்தால் தள்ளிவிட்டாள். “அவர் கூடப் போறதுல ஒண்ணுகூடத் தளர்வா இருக்கக் கூடாது.”

மருமகள் மின்யா மறுபடி முறத்தில் தேடினாள். இந்த வசந்தத்தில் முதலில் பறித்து வறுத்த முத்துத் தேயிலை அது. ஒவ்வோர் இலையும் மிளகு போல இறுகிச் சுருண்டிருந்தது. அதிலும் பொறுக்கி, பீங்கான் தட்டில் போட்டு, கணீரென்று சத்தம் கேட்டால்தான் மாமியார் ஏற்றுக்கொண்டாள்.

நடுக்கூடத்தில் மாமனார் தேஷுன் புது நீலச் சட்டையில் நீட்டிப் படுத்திருந்தார். நேற்று மாலை மூச்சு நின்றது. பத்து மணிக்குத் தகன நிலையத்து வண்டி வந்துவிடும். அதற்குள் அவர் கையில் தேயிலைப் பொட்டலத்தை வைத்தாக வேண்டும்.

பிங்ஷுய் மலைப்பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். செத்தவன் போகிற வழியில், பாலத்தடியில் மெங் கிழவி சூப்புச் சட்டியோடு காத்திருப்பாள். தாகத்தில் அதை வாங்கிக் குடித்தவன் இந்தப் பிறவியை அடியோடு மறந்துவிடுவான். கையில் தேயிலை இருந்தால் அதிலேயே தாகம் தீர்த்துக்கொள்ளலாம்; அவளிடம் போய் நிற்கவும் வேண்டாம், எதையும் மறக்கவும் வேண்டாம்.

“இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்கணுமா அத்தை?”

“தூரம் அதிகம்டி. தளர்ந்தது ஒரு கொதியிலேயே சாரமில்லாமப் போயிடும். இறுகினதுதான் கடைசி வரைக்கும் நிக்கும்.”

மின்யாவுக்குக் கண் கலங்கியது. தன் புருஷனுக்குத் தான் இப்படிச் செய்வோமா என்று யோசித்துப் பார்த்து வெட்கப்பட்டாள். பக்கவாதம் வந்து, பேச்சும் போய், மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த மனுஷரை அத்தை யார் கையிலும் விட்டதில்லை. தினமும் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மருமகள் எதிரே கடைவாயில் ஒழுகினால் அவருக்குக் கூச்சம் என்பாள்.

தேயிலை வறுக்கும் வாணலியில் முப்பது வருஷம் புரண்ட கை அவருடையது. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருந்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் ஊரில் எந்த ஆம்பிளைதான் கை நீட்டவில்லை? அதையெல்லாம் மனதில் வைக்காமல் தாங்குகிறாளே என்று மாமியார்களெல்லாம் தங்கள் மருமகள்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

காலையில் முகம் துடைக்கும்போது அவர் உதட்டின் உட்புறமெல்லாம் கொப்புளமாக இருந்ததை மின்யா கவனித்தாள். “ஜுரத்துல வந்தது” என்று சொல்லி அத்தை துணியை வாங்கித் தானே துடைத்தாள்.

பொட்டலம் தயாரானபோது தேஷுனின் அண்ணன் தேமாவ் குறுக்கே வந்து நின்றார்.

“அது வேண்டாம்மா.”

யுன்ஃபெங்கின் முகம் வெளிறியது. “ஏன் அத்தான்?”

“மூணு வருஷம் புரளக்கூட முடியாம நரகத்துல கிடந்தான். அந்த நினைப்போடயா அவனை அனுப்பறது? கிழவி சூப்பைக் குடிச்சிட்டு எல்லாத்தையும் மறந்துட்டுப் போகட்டும், பாவம்.”

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூத்தவர் வேண்டாமென்று சொன்ன பிறகு பொட்டலம் வைக்க வழியில்லை.

தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. யுன்ஃபெங் தடாலென்று தேமாவின் காலடியில் மண்டியிட்டாள்.

“முப்பத்தெட்டு வருஷத்துல இந்த வீட்டுல நான் வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதான் கேக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன்.”

“அப்படி என்னம்மா பிடிவாதம்?”

“அவர் என்னை மறந்துடக் கூடாது அத்தான். எத்தனை பிறவி எடுத்தாலும் மறந்துடக் கூடாது.”

பெண்கள் விம்மினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “கட்டினா இப்படி ஒருத்தியைக் கட்டணும்” என்றாள்.

தேமாவ் விலகி வழிவிட்டார். “குடுத்து வச்சவன்டா நீ” என்று தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “என் வீட்டுக்காரி எனக்குச் சூப்பை அண்டாவோட குடுத்து அனுப்புவா. சரிம்மா, வை.”

விறைத்துப்போன விரல்கள் லேசில் பிரியவில்லை. யுன்ஃபெங் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பொட்டலத்தை உள்ளங்கையில் அழுத்தி, விரல்களை மறுபடி மடக்கிவிட்டாள். போதாதென்று சிவப்பு நூலால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினாள். வழியில் எங்கேயும் நழுவிவிடக் கூடாதல்லவா?

வண்டி சரிவில் இறங்கி மறைந்தது. ஆண்களெல்லாம் அதோடு போய்விட்டார்கள். கூட்டமும் கலைந்தது. வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்த மாமியாரின் தோளை மின்யா அணைத்துக்கொண்டாள்.

“அழாதீங்க அத்தை. மாமா எதையும் மறக்கமாட்டார். அடுத்த பிறவியிலயும் உங்களைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்துடுவார், பாருங்க.”

யுன்ஃபெங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“தேடி வர்றதா? என்னை எங்க கண்டாலும் அவன் அலறிக்கிட்டு ஓடணும்டி. அதுக்குத்தானே மூணு வருஷம் பாடுபட்டேன்!”